ஊர் இழந்தவர்களின் நாட்டுப்பாட்டு: மரிலா ரொடோவிச்சின் இசைவாழ்வு

போலந்து நாட்டு மக்கள் மரிலா ரொடோவிச் என்ற பாடகியைக் குடும்பப் பெயர் சேர்க்காமல் மரிலா என்றே அரை நூற்றாண்டுக்கும் மேலாக அழைத்து வருகின்றனர். திருமண விருந்திலும், மாணவர் விடுதியிலும், காட்டில் தீ மூட்டிச் சுற்றி அமர்ந்து பாடும் சாரணர் கூட்டத்திலும் ஒலிப்பவை அவருடைய பாட்டுகள். இவையெல்லாம் அவருடைய புகழின் அளவைக் காட்டுகின்றன. ஆனால் அந்தப் புகழுக்கு அடிப்படையான இசையின் இயல்பை விளக்குவதில்லை. இசை வரலாற்று நூல்கள் அவரை நாட்டுப்புறச் சாயல் கொண்ட மெல்லிசைப் பாடகி என்று வகைப்படுத்துகின்றன. அவரோ சிற்றூரில் பிறந்தவர் அல்லர்; கிராமத்துப் பாட்டிமாரிடம் பாட்டுக் கற்றவர் அல்லர்; நாட்டார் பாடல்களைத் தேடித் தொகுத்தவரும் அல்லர். அவர் பாடியவற்றுள் பெரும்பாலானவை வார்சாவைச் சேர்ந்த கவிஞர்கள் மேசையில் அமர்ந்து எழுதி, பயிற்சி பெற்ற இசையமைப்பாளர்கள் மெட்டமைத்தவை. அப்படியானால் அவை எந்த நாட்டின், எந்தப் புறத்தின் பாட்டுகள் என்ற கேள்வி எழுகிறது. பிறந்த மண்ணை இழந்து புதிய இடங்களில் குடியேற்றப்பட்ட ஒரு தலைமுறைக்கு ஊர் இல்லாத நாட்டுப்பாட்டு ஒன்று தேவைப்பட்டது என்பதும், அதை உருவாக்கிக் கொடுத்தவர்களுள் முதன்மையானவர் ரொடோவிச் என்பதும் இவ்வுரையின் கருத்து.

இதை விளங்கிக்கொள்வதற்குப் போலந்தில் நாட்டுப்புற இசை என்ற சொல் எதைக் குறித்து வந்தது என்பதை முதலில் பார்க்க வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒஸ்கர் கோல்பெர்க் (1814–1890) என்ற அறிஞர் வட்டாரம் வட்டாரமாகச் சென்று, பாடல்களையும் ஆட்டமெட்டுகளையும் சடங்குகளையும் எழுதிச் சேர்த்துப் பல தொகுதிகளாக வெளியிட்டார். மூன்று தட்டில் அமைந்து, வலுவான தட்டு எதிர்பாராத இடத்தில் விழும் மசூர், அதே மூன்று தட்டில் மெதுவாக நகரும் குயாவியாக், சுழன்று சுழன்று விரையும் ஒபெரெக் ஆகிய ஆட்டவகைகள் ஒவ்வொன்றும் ஒரு வட்டாரத்தின் உடைமையாகவே கருதப்பட்டன. அந்நாட்டில் நாட்டுப்பாட்டு என்றால் ஊர்ப்பெயர் ஒட்டிய பாட்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஆட்சிக்கு வந்த கம்யூனிஸ்ட் அரசு இந்தச் செல்வத்தை அரங்கிற்குக் கொண்டுவந்தது. 1948ஆம் ஆண்டு ததேவுஷ் சிகெதின்ஸ்கி, மீரா ஜிமின்ஸ்கா தம்பதியர் வார்சாவுக்கு அருகில் கரோலின் என்னும் இடத்தில் நிறுவிய மசோவ்ஷே குழுவும், 1953இல் ஸ்தனிஸ்வாவ் ஹதினா நிறுவிய ஷ்லோன்ஸ்க் குழுவும் தேர்ந்தெடுத்த இளைஞர்களுக்குப் பயிற்சியளித்து, பல குரல் அடுக்குகளோடும் இசைக்குழுவோடும் அப்பாட்டுகளை உலகெங்கும் பாடின. கலைநயத்தில் அவை குறைந்தவை அல்ல. ஆனாலும் அரசு விழாவின் மணம் அவற்றின்மீது படிந்துவிட்டதால், அறுபதுகளின் நகர்ப்புற இளைஞர்கள் நாட்டுப்பாட்டு என்ற பெயரைக் கேட்டாலே விலகத் தொடங்கினர்.

அவ்விளைஞர்கள் விரும்பியது மின்கிதாரின் இசை. ராக் அண்ட் ரோல் என்ற பெயரை அதிகாரிகள் முகம் சுளித்துக் கேட்டதால், ஃபிரான்சிஷெக் வலிட்ஸ்கி என்ற இதழாளர் பிக்பீட் என்ற மாற்றுப் பெயரைப் புழக்கத்தில் விட்டார். போலந்து இளைஞர் போலந்துப் பாட்டுகளையே பாடட்டும் என்ற முழக்கத்தையும் அவரே முன்வைத்தார். இந்தச் சூழலில் மின்கிதார்க் குழுக்கள் கிராமத்து மெட்டுகளின் பக்கம் திரும்பின. கிராக்கோவைச் சேர்ந்த ஸ்கால்தோவியே குழு தென்பகுதி மலைவாழ் மக்களின் வயலின் இசையைத் தன் பாட்டுகளில் கலந்தது. வுட்ஜ் நகரில் தோன்றிய நோ தோ ட்ஸோ குழு கிராமத்து இசைக்கருவிகளைக் கிதாருக்குப் பக்கத்தில் நிறுத்தியது. இளம் இசையமைப்பாளர் கதஷினா கெர்ட்னர் 1968இல் தேவாலயத்தில் பாடுவதற்கான பிக்பீட் திருப்பலி ஒன்றையே இயற்றினார். அவர் இசையமைத்து எர்னெஸ்ட் பிரில் எழுதிய, கண்ணாடியில் தீட்டியது என்ற பொருள்படும் தலைப்புக் கொண்ட இசைநாடகம், மலைநாட்டுக் கொள்ளைத்தலைவன் யனோஷிக்கின் கதையை நாட்டுப்புற ஓவியத்தின் எளிமையோடு சொன்னது. இதே கெர்ட்னரின் பெயர் ரொடோவிச்சின் கதையிலும் பிறகு வரும்.

ரொடோவிச் 1945 டிசம்பர் 8 அன்று போலந்தின் மேற்கு விளிம்பில் உள்ள ஷெலோனா கூரா நகரில் பிறந்தார். அந்தப் பிறந்த இடத்திலும் பிறந்த ஆண்டிலும் ஒரு நாட்டின் வரலாறே அடங்கியிருக்கிறது. அதே ஆண்டின் தொடக்கம் வரை அந்நகரம் கிருன்பெர்க் என்ற பெயருடைய ஜெர்மானிய நகரமாக இருந்தது. போர் முடிந்ததும் வல்லரசுகள் போலந்தின் எல்லைகளை மேற்கு நோக்கி நகர்த்தின. கிரெசி எனப்படும் கிழக்குப் பகுதிகள் சோவியத் ஒன்றியத்துக்குப் போயின. அங்கு வாழ்ந்த போலந்துக்காரர்களில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் மூட்டை முடிச்சுகளோடு தொடர்வண்டி ஏறி, ஜெர்மானியர் வெளியேற்றப்பட்ட நகரங்களிலும் பண்ணைகளிலும் குடியேறினர். ரொடோவிச்சின் பெற்றோர் இன்று லித்துவேனியாவின் தலைநகராக விளங்கும் வில்னோவிலிருந்து வந்தவர்கள். இப்படிக் குடியேறியவர்கள் தங்கள் வட்டாரத்துப் பாட்டைக் கையோடு கொண்டுவந்திருக்கலாம். ஆனால் அதைப் பாடுவதற்கு உரிய வயலும், அறுவடைச் சடங்கும், தலைமுறை தலைமுறையாகப் பழகிய பக்கத்து வீடும் பின்தங்கிவிட்டன. ஒரே தெருவில் வில்னோக்காரரும், ல்வூவ் நகரத்தவரும், நடுப்போலந்திலிருந்து வேலை தேடி வந்தவரும் கலந்து வாழ நேர்ந்தபோது, எந்த வட்டாரத்தின் பாட்டும் எல்லோருக்கும் பொதுப்பாட்டாக இருக்க முடியவில்லை. அந்த வெற்றிடத்தைக் கணக்கில் கொள்ளாமல் மரிலா என்ற பெயரின் பரவலை விளக்க இயலாது.

அவருடைய இளமைக்காலம் விஸ்துலா ஆற்றங்கரையில், குயாவியாக் ஆட்டத்தின் தாயகமான குயாவி வட்டாரத்தைச் சேர்ந்த வ்வொட்ஸ்வாவெக் நகரில் கழிந்தது. பள்ளியில் ஓட்டப்பந்தய வீராங்கனையாக இருந்து, பின்னர் வார்சாவில் உடற்பயிற்சிக் கல்விக் கழகத்தில் பயின்றார். இசைக்கல்லூரிப் பட்டம் அவரிடம் இருந்ததில்லை. 1967இல் கிராக்கோவில் நடந்த மாணவர் பாட்டுப் போட்டியில் முதலிடம் பெற்றதே அவருடைய தொழில்முறை வாழ்வின் தொடக்கம். அன்றைய போலந்தில் மாணவர் பாட்டு என்பது பொழுதுபோக்கின் பெயர் மட்டும் அன்று. 1956இல் ஸ்டாலினியக் கெடுபிடி தளர்ந்த பிறகு பல்கலைக்கழக அரங்குகளிலும் நிலவறைக் கூடங்களிலும் சிறு நாடகக்குழுக்கள் தோன்றின. அங்கே பாடப்படும் கவிதை என்று பொருள்படும் பொயேஸ்யா ஷ்பியெவானா என்ற வகை வளர்ந்தது. ஒரு கிதார், ஒரு குரல், சொல்லின் எடை மாறாமல் காக்கும் எளிய மெட்டு ஆகிய மூன்றே அதன் உறுப்புகள். ரொடோவிச் இந்த மரபிலிருந்து வந்தவர். அமெரிக்கப் பாடகி ஜோன் பயேஸின் வழியில் ஒலிக்கருவிக் கிதாருடன் மேடையேறிய நீண்ட கூந்தல் பெண்ணாகவே முதல் ஆண்டுகளில் மக்கள் அவரைக் கண்டனர்.

அக்காலத்துப் பாடகர் தம் விருப்பப்படி மேடையேறி ஊதியம் பெற முடியாது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். இசைப்பட்டம் இல்லாதவர்கள் பண்பாட்டு அமைச்சகம் அமைத்த தேர்வுக்குழுவின் முன் பாடித் தகுதிச்சான்று பெற வேண்டும். அந்தச் சான்றின் தரநிலையைப் பொறுத்தே ஒரு நிகழ்ச்சிக்கான கூலி அமைந்தது. இசைத்தட்டு வெளியிட்டது அரசு நிறுவனம். ஒலிபரப்பியது அரசு வானொலி. பெரும் மேடைகளாக அமைந்தவை இரண்டு விழாக்கள். 1963இல் தொடங்கிய ஒபோலே விழா போலந்துப் பாட்டுக்கு மட்டும் உரியது. சோபோட் கடற்கரை நகரின் பன்னாட்டு விழா 1961இல் தொடங்கியது. அதைத் தோற்றுவித்தவர் வ்வாதிஸ்வாவ் ஷ்பில்மன், தி பியானிஸ்ட் திரைப்படத்தின் வழியாக உலகம் அறிந்த அதே பியானோக் கலைஞர். இந்த இரண்டு மேடைகளிலும் ரொடோவிச் எத்தனை முறை ஏறியிருப்பார் என்று எண்ணிப் பார்ப்பதைவிட, அங்கே அவர் யாருடைய சொற்களைப் பாடினார் என்று கேட்பது பயனுள்ளது.

பெரும்பாலும் அவை அக்னியெஷ்கா ஒஷெட்ஸ்காவின் சொற்கள். 1936இல் வார்சாவில் பிறந்த ஒஷெட்ஸ்கா மாணவர் அங்கத நாடகக் குழுவில் எழுதத் தொடங்கியவர். ஏறத்தாழ இரண்டாயிரம் பாட்டுகளை எழுதியவராகக் கருதப்படுபவர். வானொலியில் பாட்டுக்கென ஒரு கூடத்தை நடத்தி இளம் பாடகர்களையும் இசையமைப்பாளர்களையும் ஒருங்கே கூட்டியவர். கவிஞர் எழுதுவது கவிதை, மேடைக்கு எழுதுவது வெறும் பாட்டு என்ற பாகுபாட்டை அவருடைய எழுத்து பொருளற்றதாக்கியது. அடுக்களை, பேருந்து நிறுத்தம், பதிவு அலுவலகம், மழைக்கோட்டு முதலிய அன்றாடப் பொருள்களை அவர் நாட்டுப்பாட்டின் மலர், ஆறு, குதிரை ஆகியவற்றுக்குப் பக்கத்தில் வைத்தார். இந்த இரண்டு உலகங்களையும் தையல் தெரியாமல் இணைத்துப் பாட ஒரு குரல் வேண்டியிருந்தது. அந்தக் குரல் ரொடோவிச்சிடம் அமைந்ததாலேயே இருவருடைய பெயரும் பிரிக்க முடியாதவை ஆயின.

முதல் நெடுந்தட்டு, வாழ்க என் உலகே என்ற பொருளுடைய தலைப்பில் 1970இல் வெளிவந்தது. அதை ஒட்டிய தொடக்கக் காலப் பாட்டுகளுள் வண்ண வண்டிகள் பயணம் போவதைப் பாடும் ஒன்று தனித்து ஆராயத்தக்கது. அதை எழுதியவர் யெஷி ஃபிட்சோவ்ஸ்கி என்ற கவிஞர். மெட்டமைத்தவர் ஸ்டெஃபான் ரெம்போவ்ஸ்கி. ஃபிட்சோவ்ஸ்கி நாற்பதுகளின் இறுதியில் ரோமா நாடோடிகளின் வண்டிக்கூட்டத்தோடு பயணம் செய்து, அவர்களுடைய மொழியையும் வழக்கங்களையும் ஆராய்ந்தவர். பாபுஷா என்ற ரோமா பெண் கவிஞரின் பாடல்களைப் போலந்து மொழியில் பெயர்த்து உலகறியச் செய்தவரும் அவரே. 1964இல் போலந்து அரசு காவல்துறையைக் கொண்டு நாடோடி வண்டிகளைத் தடுத்து நிறுத்தி, ரோமா மக்களை ஓரிடத்தில் குடியமர்த்தும் நடவடிக்கையை முடுக்கியது. சாலைகளிலிருந்து வண்டிகள் மறைந்து சில ஆண்டுகளே ஆன நிலையில், அவை இன்னும் ஓடிக்கொண்டிருப்பதாகவே ஒரு பாட்டு வானொலியில் ஒலித்தது. துள்ளலான கிதார் அடியையும் கைதட்டலையும் மட்டும் கேட்டவர்களுக்கு அது களிப்பான பாட்டு. பின்னணியை அறிந்தவர்களுக்கு அது ஒரு வாழ்க்கைமுறையின் இரங்கற்பா. களிப்பும் இழப்பும் ஒரே மெட்டில் ஒலிப்பது ரொடோவிச்சின் பாணியாக நிலைபெற்றதற்கு இதுவே முதல் தெளிவான சான்று. நாடோடியின் வண்டியைப் பற்றிய இந்தப் பாட்டைத் தம் வீட்டை விட்டு வண்டியேறி வந்த மக்கள் நெஞ்சோடு அணைத்துக்கொண்டனர் என்பது தற்செயலாக நிகழ்ந்திருக்க முடியாது.

1973இல் ஒபோலே விழாவில் அவர் பாடிப் பரிசு பெற்ற மவ்கோஷ்கா என்ற பாட்டு அவரை நாடறிந்த பாடகியாக்கியது. மவ்கோஷ்கா என்பது மவ்கொஜாதா என்ற பெண்பெயரின் பழக்கச் சுருக்கம். சொற்கள் ஒஷெட்ஸ்காவுடையவை, இசை கதஷினா கெர்ட்னருடையது. கதை எளியது. விஸ்துலாவின் வலக்கரையில் உள்ள சாஸ்கா கெம்பா என்ற வார்சாப் பகுதியில், மே மாதத்தில், பூ மணக்கும் நாளில் ஒரு பெண் திருமணத்துக்கு ஆயத்தமாகிறாள். பதிவு அலுவலகத்தில் பெயர் கொடுத்தாகிவிட்டது, உடையும் தைத்தாகிவிட்டது. அப்போது அவன் வேறொருத்தியோடு போவதைக் காண்கிறாள். அடுத்த பகுதியில் இலையுதிர்காலம் வந்துவிடுகிறது. தோட்டங்களில் களையை எரிக்கும் புகை எழுகிறது. அக்கம்பக்கத்தார் அவளுக்கு யாராவது துணை இருக்கிறார்களா என்று விசாரிக்கின்றனர்.

இந்தப் பாட்டின் கட்டமைப்பே அதன் வெற்றியின் அடிப்படை. கதைப்பகுதியைப் பாடுபவள் கைவிடப்பட்ட பெண். பல்லவியிலோ அவளுக்கு ஊர் சொல்லும் அறிவுரை ஒலிக்கிறது. அவன் கண்ணீருக்குத் தகுதியற்றவன் என்று தேற்றுவதும், சீட்டுப் பார்த்துக் குறி சொல்வதும், ஆடிக் குடித்து மறந்துவிடு என்று தூண்டுவதும் அந்தப் பல்லவியில்தான். ஐரோப்பிய நாட்டார் கதைப்பாடலில் தனிக்குரல் கதை சொல்ல, கூட்டம் திரும்பத் திரும்ப ஒரே அடியால் விடையிறுக்கும் மரபு மிகப் பழையது. கெர்ட்னர் அந்த மரபை அப்படியே பயன்படுத்தினார்: கதைப்பகுதி தாழ்ந்த குரலில், பேச்சை ஒட்டி, கிட்டத்தட்ட அசையாமல் நகர்கிறது; பல்லவியில் மெட்டு உயர்ந்து, தாளம் வெடித்து, எவரும் சேர்ந்து பாடக்கூடிய நிலைக்கு விரிகிறது. அரங்கில் இருப்போர் பல்லவியைப் பாடும்போது அவர்கள் கேட்போராக இருப்பதில்லை. அந்தப் பெண்ணுக்கு அறிவுரை சொல்லும் அண்டை வீட்டார் ஆகிவிடுகின்றனர். புதிதாகக் கட்டிய அடுக்குமாடிகளில், ஒருவரையொருவர் அறியாமல் வாழ்ந்த மக்களுக்கு மூன்று நிமிட நேரம் ஓர் ஊர் கிடைத்தது.

போலந்து மொழியின் ஒலியமைதியும் இங்கே துணைசெய்கிறது. அம்மொழியில் சொல்லின் அழுத்தம் ஏறத்தாழ எப்போதும் கடைசிக்கு முந்திய அசையில் விழும். ஆகவே ஓர் அடி அழுத்தமான அசையில், சம்மட்டி விழுந்தாற்போல் முடிய வேண்டுமானால் ஓரசைச் சொல் வேண்டும். அத்தகைய சொற்கள் அம்மொழியில் குறைவு. ஒஷெட்ஸ்கா பல்லவி முழுவதையும் ஓரசைச் சொற்களில் முடித்து, ஒவ்வோர் அடியையும் தரையில் காலை உதைத்து நிறுத்தும் ஆட்ட அடி போல அமைத்தார். ரொடோவிச் அந்தக் கடைசி அசைகளை இழுக்காமல், நடுக்காமல், வெட்டி நிறுத்தினார். பயிற்சி பெற்ற குரல் அந்த இடத்தில் அழகு காட்ட விரும்பியிருக்கும். அழகைக் கைவிட்ட அந்தத் துணிவே அப்பாட்டை நகரத்தின் மேடையிலிருந்து தெருவுக்குக் கொண்டுபோனது.

1974 ஜூன் 13 அன்று மேற்கு ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரில் உலகக்கோப்பைக் கால்பந்துப் போட்டியின் தொடக்கவிழா நடந்தபோது, போலந்தின் சார்பில் ரொடோவிச் ஃபுட்பால் என்ற பாட்டைப் பாடினார். எழுதியவர் யோனாஷ் கோஃப்டா, இசையமைத்தவர் லெஷெக் போக்டனோவிச். கசிமியெஷ் கூர்ஸ்கி பயிற்றுவித்த போலந்து அணி அந்தப் போட்டியில் பிரேசிலை வென்று மூன்றாம் இடம் பெற்றது. அந்த வெற்றியோடு அப்பாட்டும் நினைவில் ஒட்டிக்கொண்டது. இசையளவில் அது அவருடைய சிறந்த படைப்புகளில் ஒன்றன்று.

அவருடைய நாட்டுப்புறச் சாயலின் இன்னொரு முகத்தை 1977இல் சோபோட் மேடையில் பாடிய கொலொரோவே யர்மார்கி காட்டுகிறது. யர்மார்க் என்பது திருநாட்களில் தேவாலயத்தை ஒட்டியோ நகரச் சதுக்கத்திலோ கூடும் சந்தை. உழவர்கள் மாடு வாங்கவும், பெண்கள் துணி எடுக்கவும், குழந்தைகள் இராட்டினம் சுற்றவும் கூடும் இடம். ரிஷார்ட் உலிட்ஸ்கி எழுதி யானுஷ் லஸ்கோவ்ஸ்கி மெட்டமைத்த இப்பாட்டு, வளர்ந்துவிட்ட ஒருவர் தம் வாழ்வைத் திரும்பிப் பார்த்து, எதை எண்ணி ஏங்குகிறோம் என்று தேடும்போது பஞ்சுமிட்டாய், ஆடுகுதிரை முதலிய சந்தைப் பொருள்களே நினைவுக்கு வருவதைச் சொல்கிறது. லஸ்கோவ்ஸ்கி தாமே பாடகர். அவரும் அதே பாட்டைப் பாடியிருந்தார். அவருடைய பாணி கிழக்கு எல்லைப்புறத் திருமண விருந்துகளின் எளிய பாணி. இசை விமரிசகர்கள் அதைத் தாழ்வாகவே மதித்தனர். ரொடோவிச் அந்தப் பாட்டை எடுத்து, விரைவு கூட்டி, ஊதுகருவிகளையும் கூட்டுக்குரலையும் சேர்த்து, பெருவிழா மேடைக்குரியதாக்கினார்.

கோல்பெர்க் தொகுத்த பாட்டுக்கு ஊர்ப்பெயர் உண்டு. சந்தைக்கு அப்படி ஒரு பெயர் கிடையாது. எல்லா வட்டாரத்தாரும் வந்து கலையும் இடம் அது. அங்கே விற்பவை உயர்ந்த கைவினைப் பொருள்கள் அல்ல; வண்ணம் பூசிய மலிவுச் சாமான்கள். ஆனால் குழந்தை கண்ட வண்ணம் மலிவானதன்று. ரொடோவிச்சின் அழகியல் முழுவதும் இந்தச் சந்தையிலிருந்தே பிறந்தது என்று கொள்வதில் பிழையில்லை. எழுபதுகளின் நடுப்பகுதியிலிருந்து அவர் அணியத் தொடங்கிய உடைகள், தலையை விடப் பெரிய தலையணிகள், இறகுகள், நாடாக்கள், காகிதப்பூக்கள் ஆகியவற்றைப் பகட்டு என்று இகழ்ந்தவர்கள் அவற்றின் குடிவழியைக் காணத் தவறினர். கிராமத்து மணப்பெண்ணின் பூமுடியும், சர்க்கஸ்காரியின் மினுக்கும், ரோமா பெண்ணின் அடுக்குப் பாவாடையும் அந்த உடைகளில் கலந்திருந்தன. கடைகளில் சாம்பல் நிறத் துணியே கிடைத்த ஆண்டுகளில் அந்த வண்ணங்களைத் தொலைக்காட்சியில் கண்டவர்களுக்கு அவை என்ன பொருள்பட்டிருக்கும் என்பதையும் சேர்த்தே மதிப்பிட வேண்டும்.

ஆயினும் அவரை வெறும் விழாக்காலப் பாடகியாகக் காண்பது தவறாகும். 1977இலேயே கிராக்கோவின் ஸ்தூ அரங்கில், மாரெக் கிரெஹூதாவும் யான் கந்தி பவ்லுஷ்கியெவிச்சும் நாடகாசிரியர் விட்கட்ஸியின் எழுத்துகளை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய வெறிகொண்ட நீராவி எஞ்சின் என்ற இசைநாடகத்தில் அவர் பாடி நடித்தார். ரஷ்யக் கவிபாடகர்களான புலாத் ஒகுட்ஜாவா, விளாதிமிர் விசோட்ஸ்கி ஆகியோரின் பாட்டுகளையும் போலந்து வடிவில் பாடினார். சோவியத் ஒன்றியத்திலும் செக்கோஸ்லோவாக்கியாவிலும் கிழக்கு ஜெர்மனியிலும் அவருக்குப் பெருங்கூட்டம் கூடியது.

அவருடைய குரலைப் பற்றிச் சிறிது விரித்துச் சொல்ல வேண்டும். அது தாழ்ந்த இடத்தில் இயல்பாக இருக்கும் பெண்குரல். ஓரத்தில் ஒரு மெல்லிய கரகரப்பு உண்டு. எட்டும் சுர எல்லை பெரிதன்று. ஆனால் சொல்லை உச்சரிக்கும் தெளிவு வியக்கத்தக்கது: போலந்து மொழியின் நெருக்கமான மெய்யொலிக் கூட்டங்களை அவர் தாளக்கருவியைப் போலவே பயன்படுத்துகிறார். பெரும்பாலான மேடைப் பாடகர்கள் உயிரொலிகளை நீட்டி இனிமை காட்டுவார்கள். ரொடோவிச் மெய்யொலிகளால் தாளம் காட்டுகிறார். சோகமான வரியைச் சோகக் குரலில் பாடுவதை அவர் தவிர்ப்பார்; அதைச் செய்தி சொல்வது போலச் சொல்லிவிட்டுத் தாளத்தின் ஓட்டத்தில் விட்டுவிடுவார். உணர்ச்சியைக் கேட்பவரே நிரப்பிக்கொள்ளட்டும் என்ற இந்த ஒதுக்கமும் நாட்டார் பாடகர்களிடம் காணப்படும் இயல்புதான்.

செவெரின் கிரயெவ்ஸ்கி இசையமைத்த இரண்டு பாட்டுகளில் இந்த ஒதுக்கம் முழு வளர்ச்சியைக் காட்டுகிறது. 1978இல் வந்த ரெமேதியும் என்ற பாட்டை எழுதியவர் மாக்தா சபின்ஸ்கா. எந்த வண்டியாயினும் ஏறி, எல்லாவற்றையும் விட்டு எங்காவது போய்விட வேண்டும் என்ற ஏக்கமே அதன் பொருள். கடவுச்சீட்டைக் குடிமகன் வீட்டில் வைத்துக்கொள்ள முடியாமல், காவல் அலுவலகத்தில் விண்ணப்பித்துப் பெற்றுத் திரும்ப ஒப்படைக்க வேண்டியிருந்த நாட்டில், இலக்கில்லாத பயணத்தைப் பற்றிய பாட்டு வெறும் மென்மையான பாட்டாக மட்டும் ஒலித்திருக்காது. அதில் அரசியல் சொல் ஒன்றுகூட இல்லாததே அதன் பலம். எண்பதுகளில் வந்த நியெஹ் ஜியே பால், அதாவது நடனவிழா வாழ்க என்பது, ஒஷெட்ஸ்கா எழுதியது. மனிதவாழ்வு ஒரு நடனவிழா; அதற்கு மறு அழைப்புக் கிடையாது; எனவே இசை நிற்கும்வரை ஆடத்தான் வேண்டும் என்ற கருத்தை அது வால்ட்ஸ் எனப்படும் மூன்று தட்டுச் சுழல்நடையில் சொல்கிறது. 1981 டிசம்பரில் அறிவிக்கப்பட்ட இராணுவச் சட்டமும் வெறுமையான கடைகளும் நினைவில் பசுமையாக இருந்த ஆண்டுகளில், வாழ்வைக் கொண்டாட அழைத்த இப்பாட்டு ஏளனமாகத் தோன்றியிருக்கலாம். அப்படித் தோன்றவில்லை. கொண்டாட்டத்தின் அடியில் சாவின் நினைவு ஓடுவதைக் கேட்டவர்கள் புரிந்துகொண்டனர். ஒஷெட்ஸ்காவின் சொற்களுள் ரொடோவிச்சின் குரலுக்கு மிகப் பொருத்தமாக அமைந்தது எது என்று கேட்டால், புகழில் மவ்கோஷ்கா முந்தினாலும், ஆழத்தில் இதுவே முதலிடம் பெறும்.

1989இல் ஆட்சி மாறியபோது அரசு இசைத்தட்டு நிறுவனத்தின் ஆதிக்கமும், தகுதிச்சான்றும், மேடைக்கூலி விகிதங்களும் ஒன்றாகச் சரிந்தன. பழைய மேடைப் பாடகர் பலர் காணாமல் போனார்கள். மேற்கத்திய இசை கட்டுப்பாடின்றி நுழைந்தது. மலிவான மின்விசைப்பலகையில் திருமண மெட்டுகளை வாசிக்கும் டிஸ்கோ போலோ என்ற வகை ஒலிநாடாக் கடைகளை நிரப்பியது. ரொடோவிச் 1994இல் விருந்துப் பாட்டுகளின் தொகுப்பு ஒன்றை மரிஷ்யா பியேஷாத்னா என்ற தலைப்பில் வெளியிட்டார். பியேஷாதா என்பது நீண்ட மேசையைச் சுற்றி அமர்ந்து உண்டு, குடித்து, அனைவரும் கூடிப் பாடும் விருந்து. அதன் நோக்கம் புரிகிறது: மக்கள் சேர்ந்து பாடும் வழக்கத்தைக் காப்பதே அது. ஆனால் இசையளவில் அத்தொகுப்பு அவருடைய தாழ்ந்த நிலையையே காட்டுகிறது. கேட்பவர் நிரப்பிக்கொள்ள அங்கே இடமே விடப்படவில்லை; களிப்பு மட்டும் இருக்கிறது, இழப்பு இல்லை.

1997 மார்ச் 7 அன்று ஒஷெட்ஸ்கா மறைந்தார். அதன்பின் யாட்செக் சிகான் எழுதி ராபர்ட் யான்சன் இசையமைத்த வத்வோபால்னி, எளிதில் தீப்பற்றுவோர் என்ற பொருளுடையது, அந்தத் தோழியின் நினைவுக்குரிய பாட்டாகவே மக்களிடம் நிலைத்தது. விரைந்து எரிந்து, பிறருக்கு ஒளிகாட்டி, தாம் முடிந்துபோகும் மனிதர்களை அது பாடுகிறது. இங்கே வண்ண இறகுகளின் நினைவு வருவதில்லை. மாணவர் அரங்கில் கிதாரோடு நின்ற பெண்ணின் குரல் முப்பது ஆண்டு முதிர்ந்து திரும்பி வந்ததாகவே தோன்றுகிறது.

புத்தாயிரம் பிறக்கும் தறுவாயில் போலந்தில் நாட்டுப்புற மெல்லிசை மீண்டும் பெருகியது. காயா என்ற பாடகி 1999இல் கோரான் பிரெகோவிச்சுடன் வெளியிட்ட தொகுப்பு பால்கன் மெட்டுகளைப் போலந்துச் சொற்களோடு இணைத்தது. பிரத்தான்கி, கோலெட்ஸ் ஓர்கெஸ்த்ரா ஆகிய குழுக்கள் தென்மலைப்பகுதியின் இசையை நடன மேடைக்குக் கொண்டுவந்தன. இவர்கள் வட்டார மரபை ரொடோவிச்சை விட நெருங்கி அறிந்தவர்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் நாட்டுப்புறச் சாயல் கொண்ட பாட்டை இளைஞர் வெட்கப்படாமல் பாடலாம் என்ற நிலையை ஒரு தலைமுறைக்கு முன்பே உண்டாக்கி வைத்தவர்களின் வரிசையில் அவர் இருக்கிறார். அவரும் ஒதுங்கி நிற்கவில்லை. டோனாதான் என்ற ஹிப்ஹாப் தயாரிப்பாளரோடு சேர்ந்தும் பாட்டு வெளியிட்டார்.

அவருடைய பெயருக்கு இருந்த எடை 2017இல் வெளிப்பட்டது. அவருடைய ஐம்பதாண்டு மேடைவாழ்வைக் கொண்டாடும் நிகழ்ச்சி அவ்வாண்டின் ஒபோலே விழாவில் நடைபெறவிருந்தது. அதில் காயா பாடுவதைப் பொதுத்தொலைக்காட்சி அரசியல் காரணத்துக்காக விரும்பவில்லை என்ற செய்தி மே மாதத்தில் பரவியது. தொலைக்காட்சி அதை மறுத்தது. பாடகர் பலர் அடுத்தடுத்து விலகினர்; ரொடோவிச்சும் விலகினார். ஜூனில் நடக்க வேண்டிய விழா செப்டம்பருக்குத் தள்ளிப்போனது. எந்த அரசின் காலத்திலும் கட்சிச் சார்பு காட்டாமல் எல்லோருக்கும் பாடியவர் என்று சிலர் குறையாகச் சொன்ன அதே பொதுத்தன்மைதான், அவர் விலகியபோது அந்த விலகலுக்கு அவ்வளவு வலிமையைக் கொடுத்தது.

ரொடோவிச்சைத் தூய நாட்டுப்புறப் பாடகி என்று நிறுவ முயல்வது வீண். அவர் அப்படி உரிமை கொண்டாடியதும் இல்லை. எனினும், எழுதியவர் பெயரும் இசையமைத்தவர் பெயரும் பதிவாகியிருக்கும் பாட்டுகள், அந்தப் பெயர்களை அறியாத மக்களால் மேசைகளைச் சுற்றி நினைவிலிருந்து பாடப்படும்போது, அவை நாட்டுப்பாட்டின் நிலையை அடைந்துவிட்டன என்று கொள்ளாமல் இருக்க முடியாது. போலந்து மொழி அறியாதவர்கள் அவருடைய இசைக்குள் நுழைய விரும்பினால், இறகும் விளக்கும் நிறைந்த பிற்கால மேடைப் பதிவுகளிலிருந்து தொடங்க வேண்டாம். 1970ஆம் ஆண்டின் முதல் நெடுந்தட்டையும், அதன்பின் மவ்கோஷ்காவின் முதல் ஒலிப்பதிவையும், கடைசியாக நியெஹ் ஜியே பாலையும் இதே வரிசையில் கேட்பது நல்லது.